உண்டு, இல்லை, அறியேன்

அச்சிட்ட நூலுக்குக் குறை ஒன்று உண்டு. முதற்பதிப்பைக் கையில் வைத்திருப்போர்க்கு, இரண்டாம் பதிப்பு வெளிவந்த செய்தியை அந்நூல் தானாகக் கூறமாட்டாது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டிலே சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார்கள். பின்னர்க் கிடைத்த ஏடுகளையும் ஒப்புநோக்கிப் பிற்பதிப்பிலே திருத்தங்கள் செய்தார்கள். முதற்பதிப்பை வாங்கிப் பேழையில் வைத்துப் போற்றிய ஒருவர், அத்திருத்தங்களை அறியாமலே நெடுங்காலம் ஓதியிருத்தல் கூடும். கணினிச் செயலியோ வாய் பெற்ற நூல் போன்றது. தன்னை ஆக்கியோரிடம் இணைய வழியே சென்று, "எனக்குப் பின் புதுப்பதிப்பு உண்டோ?" என்று அது வினவவல்லது. பைத்தான் மொழியில் எழுதப்படும் மேசைக்கணினிச் செயலி ஒன்று அவ்வினாவைப் பிழையின்றிக் கேட்குமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். எளிய பொருள் என்றே யாமும் முதலிற் கருதினோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எம்மில் நால்வர் கூடிச் செய்யுளை அலகிட்டுக் காட்டும் சிறு செயலி ஒன்றை இயற்றினோம். ஓரடியை உள்ளிட்டால் அசைகளை நேர், நிரை எனப் பிரித்துச் சீர்தோறும் வாய்பாடு கூறும். சாளரம் அமைப்பதற்குப் பைத்தானுடன் வரும் டிகிண்டர் என்னும் கருவித்தொகுதியே போதுமானதாயிற்று. அதன் 1.9 என்னும் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. சீரின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகிக் குறில்போல அலகு பெறும் என்ற விதியைச் செயலிக்குக் கற்பிக்க மறந்துவிட்டோம். ஆகவே 'அவளையும்' என்பதனை அது அவ, ளை, யும் என மூன்றாக அறுத்துப் புளிமாங்காய் என்றது. அவ, ளையும் என இரண்டசையாய் நின்று கருவிளம் ஆதலே முறை. பிழை கண்ட அன்றே திருத்தி, 1.10 என எண்ணிட்டு வெளியிட்டோம். திறக்குந்தோறும் புதுப்பதிப்பை வினவும்படி செயலியை முன்னரே அமைத்திருந்தமையால், அனைவர்க்கும் செய்தி எட்டிவிடும் என்று கவலையற்றிருந்தோம்.

பதினைந்து நாள் கழித்து, முதலாண்டு வகுப்பின் யாப்பிலக்கணத் தேர்விலே பலர் அதே பிழையைச் செய்து மதிப்பெண் இழந்தனர். உசிலம்பட்டியிலிருந்து வரும் இளைய மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, "அண்ணே, உங்கள் செயலிதான் புளிமாங்காய் என்று காட்டிற்று. புதுப்பதிப்பு உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றும் அதுவே சொல்லிற்று" என்றார். அவர்மீது குற்றமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். பொய்யான விடை பெற்றார். அவ்விடை பிறந்த வழியைத் தேடியபொழுதே இப்பொருளின் ஆழம் எமக்குப் புலனாயிற்று.

அதனைக் கூறுமுன், இவ்வினாவின் அமைப்பைச் சுருங்கச் சொல்வாம். செயலி தன் பதிப்பெண்ணைத் தன்னுள்ளே ஓரிடத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஓரிடம் என்றது கருதியே கூறினோம். சாளரத் தலைப்பில் ஓரெண்ணும் நிரலின் உள்ளே மற்றோரெண்ணும் எழுதிவைத்தால், ஒன்றை மாற்றி மற்றதை மறத்தல் மனித இயல்பு. வெளியிடுவோர் தம் வழங்கியிலே சிறு கோப்பு ஒன்றில் இறுதிப் பதிப்பின் எண்ணை எழுதிவைப்பர். செயலி அக்கோப்பை வாங்கித் தன் எண்ணோடு ஒப்பிடும். வந்த எண் பெரிதாயின் புதுப்பதிப்பு உண்டு. இவ்வளவே.

எம் முதற்பிழை அவ்வொப்பீட்டில் இருந்தது. வழங்கியிலிருந்து வருவது எழுத்துக்களின் சரமேயன்றி எண்ணன்று. இரண்டு சரங்களை ஒப்பிடுமாறு பைத்தானை ஏவினால், அஃது அகராதி முறையில் எழுத்தெழுத்தாக ஒப்பிடும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை வகுத்தபொழுது சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தினார். சொற்களுக்கு அம்முறை பெரும்பயன் தந்தது. எண்களுக்கு அதுவே கேடாகும். 1.9, 1.10 என்னும் இரண்டிலும் முதலெழுத்து ஒன்றே. அடுத்து வரும் புள்ளியும் ஒன்றே. மூன்றாமிடத்தில் ஒன்பதும் ஒன்றும் எதிர்நிற்கின்றன. ஒன்று ஒன்பதினும் சிறிதாகலின், 1.10 பழையது, 1.9 புதியது என்று செயலி முடிவுகட்டிற்று. நம் ஐகாரத் திருத்தம் உலகிற் பிறந்திருந்தும், பிறக்கவில்லை என்று அது சான்று கூறிற்று.

இப்பிழை மாணவர்க்கே உரியது என்று எண்ணற்க. பைத்தான் மொழியின் 3.10 பதிப்பு 2021 அக்டோபரில் வெளிவந்தபொழுது, பதிப்பெண்ணின் முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கும் வழக்கமுடைய நிரல்கள் அதனை 3.1 என்று படித்துத் தடுமாறின. பரிகாரம் எளிது. புள்ளி உள்ள இடத்தில் சரத்தைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றி, டியூப்பிள் என்னும் எண்வரிசையாக்கி ஒப்பிட வேண்டும். அப்பொழுது ஒன்பதும் பத்தும் எண்களாகவே எதிர்நிற்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: ஓரிடத்தில் 1.10 என்றும் வேறிடத்தில் 1.10.0 என்றும் எழுதினால், நீளம் மிகுந்த வரிசையைப் பைத்தான் பெரிதெனக் கொள்ளும். இல்லாத புதுப்பதிப்பு உண்டென்று அறிவிக்கப்படும். சோதனைப் பதிப்பைக் குறிக்க எண்ணின் இறுதியில் எழுத்துச் சேர்ப்பாரும் உளர். அவ்வெழுத்து எண்ணாக மாறாது இடர் விளைக்கும். இவற்றையெல்லாம் அறிந்து வகுக்கப்பட்ட பேக்கேஜிங் என்னும் நூலகம் பைத்தானுக்கு இருக்கிறது. அதனைக் கையாளுதலே அறிவுடைமை. எமக்கு அஃது உண்டென்பது பின்னரே தெரிந்தது.

இரண்டாம் பிழை இதனினும் கொடிது. விடுதியிலே கம்பியில்லா இணையத்தில் நுழைவதற்கு முன்னர்ப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் ஒன்று தோன்றும். அவற்றை இடாதவரையில், எவ்விடத்தை நாடினாலும் அப்பக்கமே விடையாக வரும். யாம் காப்பில்லாத எச்டிடிபி முகவரியில் வினவியிருந்தமையால், செயலி பதிப்பெண்ணை வேண்ட, வழியில் நின்ற அப்பக்கம் தன்னையே எடுத்து நீட்டிற்று. அதனுள் எண்ணேது? ஒப்பீடு தவறி வழு எழுந்தது. எந்த வழு நேர்ந்தாலும் அமைதியாகக் கடந்துபோகுமாறு ஒரு வரி எழுதியிருந்தோம். பயனர் அஞ்சலாகாது என்ற நல்லெண்ணத்தால் எழுதிய வரி அது. கடந்துபோன செயலி, முடிவிலே எழுதப்பட்டிருந்த சொற்றொடரைக் காட்டிற்று: "புதுப்பதிப்பு இல்லை; நும் செயலி புதியதே."

புதுப்பதிப்பை வினவும் செயலிக்கு உரிய விடைகள் மூன்று: உண்டு, இல்லை, அறியேன். யாம் இரண்டையே வகுத்திருந்தோம். மூன்றாவதற்கு இடமின்மையால், அறியாமை யாவும் 'இல்லை' என்னும் பெயரில் வெளிவந்தன. வாடிப்பட்டிக்கு அப்பால் அலைவரிசை இடையிடையே அறும் சிற்றூரிலும், கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்துப் படிக்கும் வீட்டிலும் விடை வாராமை அன்றாட நிகழ்ச்சி. அங்கெல்லாம் எம் செயலி துணிந்து பொய் கூறிவந்தது. நம் ஆசிரியரிடம் ஒரு பாடலின் துறை யாதென்று கேட்க, அவர் "பார்த்துச் சொல்கிறேன்" என்றால் நாம் நூலகம் சென்று தேடுவோம். தவறானதொன்றை உறுதியாகக் கூறிவிட்டாலோ தேடுவதையே விட்டுவிடுவோம். 'அறியேன்' என்னும் விடை பயனரைத் தேடச் செய்வது. பொய்யான 'இல்லை' தேட்டத்தை அடைத்துவிடுவது.

ஆதலின் இப்பொழுது, இணையம் கிட்டாவிடினும், வந்த விடை எண்ணாக இராவிடினும், "புதுப்பதிப்பு உண்டோ என அறியக்கூடவில்லை, இறுதியாக அறிந்த நாள் இது" என்று நாளைக் காட்டுமாறு அமைத்திருக்கிறோம். அந்நாளைச் சிறு கோப்பில் எழுதிவைப்பதனால் மற்றொரு பயனும் உண்டு. திறக்குந்தோறும் கேளாமல், நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும். கைப்பேசித் தரவை எண்ணிச் செலவிடுவோர்க்கு அது மரியாதையுமாகும்.

காத்திருத்தலைப் பற்றியும் ஒரு சொல். பைத்தானின் யூஆர்எல்லிப் என்னும் பகுதியைக் கொண்டு வழங்கியை அழைக்கும்பொழுது, இத்தனை நொடிக்குமேல் காத்திராதே என்று நாம் சொல்லாவிடின் அது வரம்பின்றிக் காத்திருக்கக்கூடும். அவ்வழைப்பு சாளரத்தை நடத்தும் முதலிழையிலேயே நிகழுமாயின், விடை வரும்வரை சாளரம் கல்லாய்ச் சமைந்துவிடும். எழுத்தும் ஏறாது, மூடவும் இயலாது. வினவுதலை வேறோர் இழையில் நடத்தி, விடையை ஒரு வரிசையில் இடச்செய்து, முதலிழை அவ்வப்போது அவ்வரிசையை நோக்கிச் செய்தியைக் காட்டுவதே முறை. மற்ற இழை சாளரத்தைத் தானே தொடலாகாது.

இத்துணைப் பாடுபட்டுப் புதுப்பதிப்பை அறிய வேண்டுமோ எனின், தமிழ் மாணவர்க்கு நெருங்கியதொரு காட்டுத் தருவோம். பழங்கணக்கு ஏடுகளிலே முந்திரி, அரைக்காணி, காணி எனப் பின்னங்களுக்குத் தனிக்குறிகள் உண்டு; முந்திரி 320இல் ஒன்று, அரைக்காணி 160இல் ஒன்று, காணி 80இல் ஒன்று. இக்குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2019 மார்ச்சில் வெளிவந்த 12.0 பதிப்பில்தான். பைத்தான் 3.7 அதற்கு முற்பட்ட யூனிகோடு 11ஐ உடையது, 3.8 புதியதை உடையது. ஆகவே 3.7இடம் முந்திரிக் குறியைக் காட்டிப் பெயர் கேட்டால், அத்தகைய பெயர் இல்லை என்று வழு கூறும், 3.8 கூறிவிடும். மேலும், பைத்தான் செயலியைப் பையின்ஸ்டாலர் போன்ற கருவியால் ஒரே பொதியாகக் கட்டித் தரும்பொழுது, பைத்தானும் அப்பொதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பயனர் தம் கணினியிலுள்ள பைத்தானைப் புதுப்பித்தாலும் பொதிக்குள் இருப்பது பழையதாகவே கிடக்கும். செயலி தானே கேட்டறிந்தாலன்றி அதற்கு மீட்சியில்லை.

பொய்யான 'இல்லை'யைப் பற்றி இதுகாறும் கூறினோம். பொய்யான 'உண்டு' ஒன்றும் இருக்கிறது. மதுரையிலே ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர், எதுகையும் மோனையும் குறைந்துள்ளன எனக் கருதித் திருக்குறளைத் தம் விருப்பப்படி திருத்தி அச்சிட்டார் என்றும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அப்படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கித் தீக்கிரையாக்கினார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அதுவும் புதுப்பதிப்பே, எண்ணாற் பிந்தியதே. யார் விடுத்தது என்று நோக்காமல் புதுமை ஒன்றையே நோக்கினால், நாம் திருவள்ளுவரை இழந்து ஸ்காட்டைப் பெறுவோம்.

கணினியுலகில் இது கதையன்று. 2017 ஜூன் 27ஆம் நாள் உக்ரைன் நாட்டிலே வரிக்கணக்குக்குப் பெரிதும் வழங்கிய எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் புதுப்பிப்பு வழங்கியைக் கைப்பற்றிய தீயோர், அதன் வழியாகவே நாட்பெட்யா என்னும் அழிநிரலைப் பரப்பினர். வழக்கம்போலப் புதுப்பதிப்பை ஏற்றவர்களே முதலிற் கெட்டனர். அக்கேடு மேர்ஸ்க் என்னும் கப்பற் குழுமத்தையும் பற்றி, மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்தின் பணியையும் முடக்கியது. இதனைக் கண்டு புதுப்பித்தலையே வெறுத்துவிடலாமோ எனில், அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னர், மே 12ஆம் நாள் பரவிய வான்னகிரையை நினைக்க வேண்டும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏற்காதிருந்த கணினிகள் பிரிட்டானிய மருத்துவமனைகளிலும், நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தின் காவல்துறையிலும் தாக்குண்டன. ஓராண்டிற்குள்ளேயே, ஏற்றதனாற் கெட்டாரும் ஏலாமையாற் கெட்டாரும் உளராயினர்.

ஆகவே வேண்டுவது ஆளறிதல். எச்டிடிபிஎஸ் வழியாக வினவினால், பேசுவது நாம் நாடிய வழங்கியே என்பது சான்றிதழால் உறுதிப்படும். விடுதிப் பக்கம் இடையிற் புகுந்து ஏமாற்ற இயலாது. ஆயின் வழங்கியையே தீயோர் கைப்பற்றினால்? கோப்பின் சுருக்கவெண்ணை அதே வழங்கியில் வைப்பதும் காவாது. கோப்பை மாற்றியவன் அவ்வெண்ணையும் மாற்றிவிடுவான். வெளியிடுவோர் தம் மறைவான சாவியை வழங்கியில் வையாது தம்மிடமே வைத்துக்கொண்டு, அதனாற் கோப்பிற்கு மின்கையொப்பம் இட வேண்டும். அதனைச் சரிபார்க்கும் பொதுச்சாவி செயலிக்குள் முன்னரே பொதிந்திருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில், மதுரை செல்லும் வழியிலே கோவலன் மாதவியின் திருமுகத்தைப் பெறும் இடத்தை நினைவுகூர்க. களிமண்ணில் அவள் தன் கூந்தலால் ஒற்றிய இலச்சினையின் மணமே, பிரிக்கும் முன்னரே, விடுத்தவள் இன்னாள் என்று அவனுக்கு உணர்த்திற்று. பிரிக்கும் முன்னரே என்பதுதான் ஈண்டைக்கு வேண்டுவது. பதிவிறக்கிய கோப்பை இயக்கிவிட்டுக் கையொப்பம் பார்ப்பதிற் பயனில்லை.

வந்தது மெய்யான புதுப்பதிப்பே என்று தெளிந்த பின்னரும், அதனை ஏற்பதா என்பது பயனரின் உரிமை என்பது எம் துணிபு. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டினராகிய கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்னும் மின்னூற் செயலி. பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கி, நம் நகரின் பெயரையே தாங்கித் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கிவரும் மதுரைத் திட்டத்தின் நூல்களைப் படிகருவிக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ள எமக்கு அது கைகொடுத்திருக்கிறது. காலிபர் நாளுக்கொருமுறை புதுப்பதிப்பை வினவுகிறது, உண்டாயின் அறிவிக்கிறது, பதிவிறக்கும் பக்கத்தைக் காட்டி நின்றுவிடுகிறது. தானே தன்னை மாற்றிக்கொள்வதில்லை. இனி அறிவிக்க வேண்டாம் என்று சொல்லவும் இடம் வைத்திருக்கிறது.

திருச்சபையிலே வளர்ந்த எமக்கு இம்முறை புதிதன்று. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தையே எம் ஆலயங்கள் இன்றும் வாசிக்கின்றன. 1995இல் திருவிவிலியம் எளிய இனிய தமிழில் வந்தது. வகுப்பிலே ஒப்புநோக்க அதனை எடுக்கிறோம், மகிழ்கிறோம். ஆயினும் எம் பாட்டிமார் மனப்பாடமாய் ஓதும் சங்கீதத்தை ஒருநாட் காலை யாரோ வந்து வேறு சொற்களாக மாற்றிவிட்டுப் போக ஒப்புவரோ? புதியது உண்டென்று அறிவித்தல் கடமை. மாற்றுதல் அவரவர் இசைவு. மருத்துவமனைக் கணினியின் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இங்ஙனம் விட்டுவிடலாமோ என்று எம்முள் ஒருவர் வாதிட்டார். அத்தகைய இடத்தில் வற்புறுத்தலே தகும் என்று யாமும் உடன்பட்டோம். யாப்புச் செயலிக்கு அவ்வற்புறுத்தல் வேண்டா.

எஞ்சியது ஒரு சிக்கல். ஒப்பீட்டைத் திருத்தினோம், 'அறியேன்' என்னும் விடையைச் சேர்த்தோம். இத்திருத்தங்களெல்லாம் புதுப்பதிப்பில் இருக்கின்றன. பழைய 1.9 பதிப்போ பென்டிரைவ் வழியே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, மேலூர், திருமங்கலம் எனப் பல ஊர்களுக்கும் சென்றுவிட்டது. பெற்றவர் பெயரும் எமக்குத் தெரியாது. 1.11 என்று வெளியிட்டாலும் அதனையும் பழையதென்றே அது கருதும். வினவும் உறுப்பே பழுதுபட்டிருக்க, பழுது நீங்கியதை அதற்கு அறிவிப்பது எவ்வாறு?

இரண்டு நாள் இதனையே பேசிக்கொண்டிருந்தோம். இறுதியில் எம்முள் கணக்கில் வல்லவர் அல்லாத ஒருவரே வழி கண்டார். எழுத்து வரிசையில் ஒப்பிடும் செயலிக்கு எழுத்து வரிசையிலேயே விடை தந்தால் என்ன? அடுத்த பதிப்புக்கு 1.11 என்று எண்ணிடாமல் 2.0 என்று எண்ணிட்டோம். முதலெழுத்தாகிய இரண்டு, ஒன்றினும் பெரிதன்றோ? திருத்தம் சிறிதேயாயினும் எண் பெருந்தாவல் தாவியது. மறுநாட் காலை உசிலம்பட்டி மாணவர் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். திரையிலே, "புதுப்பதிப்பு உண்டு" என்னும் எழுத்துக்கள் இருந்தன. 'ஏற்கிறேன்', 'பின்னர்' என்னும் இரண்டு பொத்தான்களில் எதை அழுத்துவது என்று அவர் எம்மைக் கேட்டார்.